பின்ன பாத்தாச்சா?

என் தம்பி செல்வசிங்கின் வேப் என்னும் மின்சிகரெட் குழாயை இந்த வீட்டுக்குள் நான் அனுமதித்தது ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஞாயிறுதோறும், மாதா கோயில் பூசை முடிந்து திரும்பியவுடன், அவன் அதை என் கண் முன்னால் கழற்றித் துடைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். காட்டாத வாரம் அது என் அலமாரிக்குள் போய்விடும்.

வளைகுடாவின் முவைலாவில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட வீடு எங்களுடையது. ஓர் அறை எனக்கு. மற்றோர் அறை செல்வசிங்குக்கும் அபிலாஷுக்கும். இருவரும் ஒரே கம்பெனியில் ஏசி டெக்னீஷியன்கள். மூவருக்கும் ஊர் குமரிக் கடற்கரை. அபிலாஷின் ஊர்க் கோயில் மணி எங்கள் ஊருக்குக் கேட்கும். தம்பி மணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அபிலாஷின் மனைவி அஜிஷாவும் மகள் ரினியும் ஊரில் இருந்தார்கள். ரினியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் செல்வசிங். அந்தக் குழந்தையின் படத்தை அபிலாஷ் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தானோ இல்லையோ, என் தம்பி வைத்திருந்தான்.

நான் இங்கே ஒரு கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டுப் போடும் பிரிவுக்குப் பொறுப்பாளர். முப்பத்திரண்டு ஆண்டுகளாக நர்ஸ்.

செல்வசிங் சிகரெட் பிடித்த ஆண்டுகளும் ஏறத்தாழ அத்தனையே. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, டாக்டர் அவனிடம் புகையை விடச் சொன்னார். நான் அதற்கு முன்பே ஆயிரம் முறை சொல்லியிருந்தேன். ஒருநாள் மாலை அவன் பித்தளைக் குழாய் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“எக்கா, சிகரெட்ட விட்டாச்சு.”

“யாரு விட்டது?”

“என்னக்கா இப்படிக் கேக்குத?”

“நான் விட்டேன்னு சொல்லு.”

“அப்படிச் சொன்னா பெறகு ஒரு நாளும் பிடிக்க முடியாதுல்லா,” என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற அபிலாஷ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

‘ஆச்சு’ என்ற முடிவை நான் என் பிரிவில் தடை செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு இலக்கணப் பற்று மட்டும் காரணம் அன்று. பணி மாறும் நேரத்தில் தமிழ் நர்ஸுகள் ஒருவருக்கொருவர் ‘ஊசி போட்டாச்சு’, ‘கட்டு மாத்தியாச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வினை இருக்கும், எழுவாய் இராது. யார் போட்டார், எதைப் போட்டார் என்று அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. ஒருமுறை ஒரு நோயாளிக்கு ஒரே ஊசி இரண்டு முறை போடப்பட்டது. மற்றொரு நோயாளிக்குப் போடப்படவே இல்லை. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ‘நான் போட்டேன்’ என்று சொல்லாதவர்களிடம் நான் பொறுப்பை ஏற்பதில்லை. வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று.

அந்தக் குழாயைப் பற்றி நான் படித்தேன். கடைகளில் விற்கும் மற்ற வேப்களில் உள்ளே ஒரு சிறு மின்தகடு இருக்கும். ஏதேனும் தவறினால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. வெறும் குழாய், உள்ளே ஒரு பேட்டரி, அடியில் ஒரு பொத்தான், மேலே திருகி மாட்டும் ஒரு பகுதி. அந்த மேல்பகுதியை நாங்கள் ‘தலை’ என்று சொன்னோம். தலைக்குள் ‘காயில்’ எனப்படும் கம்பிச் சுருள். பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் முழு வேகமும் நேரே சுருளுக்குப் பாயும். சுருளின் தடை குறையக் குறையப் புகை திரளும். பேட்டரி படும் பாடும் ஏறும். செல்வசிங்குக்குத் திரண்ட புகைதான் வேண்டும். சிகரெட்டை மறக்க அது இல்லாமல் முடியாது என்றான்.

மருந்தின் அளவைக் கணக்கிடுவது போல நான் இதையும் கணக்கிட்டேன். முழுதாய்ச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் வோல்ட்டைச் சுருளின் ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். பேட்டரி தாங்கும் ஆம்பியரில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்தேன். அவன் பேட்டரிக்குக் கால் ஓம் வரை இறங்கலாம்; அதற்குக் கீழே ஒரு புள்ளியும் இறங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு மேசையின் மேல் வெள்ளைத் துணி விரிப்பேன். அதன் மேல் எவர்சில்வர்த் தட்டு, பஞ்சு, ஸ்பிரிட், ஓம் மீட்டர், டார்ச். நான் கேட்பேன், அவர்கள் விடை சொல்ல வேண்டும்.

“பேட்டரி உறை?”

“பாத்தாச்சு.”

“யாரு?”

“நான் பாத்தேன். கீறல் இல்ல. மாதா மேல சத்தியம்.”

“மாதாவ விடு. டார்ச்சப் பிடி.”

உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிடுவேன். அதன் நேர்முனையைச் சுற்றியுள்ள காகித வளையம் ஒழுங்காக இருக்க வேண்டும். பொத்தானின் பூட்டு வளையம் தடையின்றிச் சுழல வேண்டும். மரைகளில் கறுப்பு படிந்திருந்தால் ஸ்பிரிட் தோய்த்துத் துடைக்க வேண்டும். குழாயின் அடியில் காற்று வெளியேறச் சிறு துளைகள் உண்டு. சட்டைப்பையின் பஞ்சு அவற்றை அடைத்துக்கொள்ளும். அவற்றை நானே ஊசியால் குத்திச் சுத்தம் செய்வேன்.

“அண்ணே, ஆப்பரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க,” என்பான் அபிலாஷ்.

“தியேட்டர்ல மொதல்ல மயக்கம் குடுப்பாங்கலே. இங்க அது மாஃபி,” என்பான் தம்பி, ‘இல்லை’ என்பதற்கான அரபுச் சொல்லில்.

சுருளைக் கட்டுவது அபிலாஷின் வேலை. அவன் விரல்கள் நீளமானவை. கம்பியை ஊசி போட்டு நெய்வது போலச் சுற்றுவான். தலையின் அடியில் நடுவே நிற்கும் சிறு உலோக முனையான பின்னைப் பார்ப்பதும் அவன் வேலைதான். இந்த வகைக் குழாயில் தலையின் பின்னே நேராகப் பேட்டரியைத் தொடும். பின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே அடங்கியிருந்தால் தலையின் விளிம்பு பேட்டரியின் மேல் உட்கார்ந்துவிடும். மின்சாரம் சுருளுக்குப் போகாமல் குழாயிலேயே சுற்றிக்கொள்ளும். அதற்குப் பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம். அபிலாஷ் இதை முதல் வாரத்திலேயே எங்களுக்கு விளக்கி, பின்னின் மேல் நகத்தை வைத்துக் காட்டினான். செல்வசிங்கின் குழாய்த் தலையில் பின் நன்றாக நீட்டி நின்றது. அது நகரும் வகையும் அன்று. எனவே நாளடைவில் அந்தக் கேள்வி என் வரிசையிலிருந்து உதிர்ந்துவிட்டது. என் பங்கு மீட்டர் என்று ஆயிற்று. எண்ணைப் பார்ப்பேன், எண் சரியாக இருந்தால் குழாயை ஒப்படைப்பேன்; பின் உள்ளே அடங்கியிருப்பதை மீட்டர் காட்டாது.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் அபிலாஷ் ஒரு புதிய தலையைக் கொண்டுவந்தான். அவனுடன் வேலை பார்த்த ஃபிலிப்பீன்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. வேலைப்பாடு மிக்கது, செல்வசிங்கின் பிறந்தநாளுக்கென்று அவன் அதை ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்தானாம். மேசையருகே உட்கார்ந்து சுருளைக் கட்டிக்கொண்டிருந்தபோதே கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சைட்டில் சில்லர் என்னும் பெரிய குளிரூட்டி நின்றுவிட்டது. உடனே வர வேண்டும். செல்வசிங் குளியலறையில் இருந்தான்.

“எக்கா, காயில் போட்டுட்டேன். மிச்சம் நீங்க பாருங்க. அண்ணன் வந்ததும் குடுங்க.”

“நீ ஒரு வாய் தின்னுட்டுப் போ.”

“நேரமில்லக்கா. டிரைவர் பட்டாணியன். ஜல்தி ஜல்தின்னு உயிர எடுப்பான்.”

அவன் செருப்பலமாரியின் முன் குந்தி ஷூவின் கயிற்றைக் கட்டினான். நான் தலையை மீட்டரின் மேல் திருகி வைத்தேன். புள்ளி இரண்டு எட்டு. எண் அசையாமல் நின்றது. கீழே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவன் கதவைத் திறந்து வெளியே போனான். லிஃப்டின் முன் நின்றபடி, திறந்திருந்த கதவு வழியே கேட்டான்:

“எக்கா, பின்ன பாத்தாச்சா?”

“பாத்தாச்சு, பாத்தாச்சு. நீ போ. அவன் ஹாரன் அடிச்சே செத்துருவான்.”

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பின்ன’ என்பது எல்லா வாக்கியங்களின் தலையிலும் வந்து உட்காரும் சொல். பின்ன எப்போ வருத, பின்ன என்ன செய்ய, பின்ன அவ என்ன பறஞ்சா. (எங்களுக்குப் பறைவது என்றால் சொல்வது.) அடுத்தது என்ன, அப்புறம் எப்படி என்ற பொருளில் நாங்கள் அதை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லுவோம். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. ‘அப்புறம் என்ன, பார்த்தாகிவிட்டதா?’ என்று அவன் கேட்டதாகவே நான் கொண்டேன். நான் மீட்டரைப் பார்த்திருந்தேன். ஆகவே பார்த்தாயிற்று என்றேன்.

அவன் கேட்டது அதுவன்று. பின்னை, அந்தத் தலையின் பின்னை, பார்த்தாயிற்றா என்று கேட்டிருந்தான். இரண்டாம் வேற்றுமை உருபு பேச்சில் தேய்ந்து ‘பின்ன’ என்று நிற்கிறது. எழுத்தில் எழுதினாலும் ‘பின்னை’ என்பது இரண்டு பொருளுக்கும் ஒன்றே.

செல்வசிங் ஈரத் தலையுடன் வெளியே வந்தான். புதிய தலையைப் பார்த்ததும் அவன் முகம் குழந்தையின் முகமாயிற்று.

“அபி வச்சிட்டுப் போனான். பாத்தாச்சு,” என்றேன்.

அன்று அந்தச் சொல்லை நான் மூன்றாம் முறை சொன்னேன். யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

அவன் பேட்டரியைக் குழாயில் இட்டான்; தலையைத் திருகினான். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். “எக்கா, இது சுடுது,” என்றான். பிறகு அதைக் கழற்ற முயன்றான். திருகு இறுகிக்கொண்டது. சில நொடிகளில் சீறல் கேட்டது. அவன் பால்கனிக்கு ஓடினான். வீசுவதற்குக் கையை ஓங்கினான். கீழே, கார்கள் நிறுத்தும் மணல்வெளியில், பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓங்கிய கையைத் தாழ்த்திக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடிவந்தான். துணி துவைக்கும் வாளிக்குள் அதைப் போடும்வரை அது அவன் வலக்கையில்தான் இருந்தது. அடித் துளைகள் வழியே நெருப்பு உள்ளங்கைக்குள் பாய்ந்திருந்தது. துளைகள் அடைபட்டிருந்தால் குழாயே வெடித்து முகம் போயிருக்கும் என்று பின்னர் மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தவள் நான் என்று தம்பி அவர்களிடம் பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே நின்றேன்.

அவனுடைய அடையாள அட்டையும் இன்சூரன்ஸ் அட்டையும் வீட்டில் கிடந்தன. அபிலாஷுக்குப் போன் செய்தேன். அவன் சைட்டிலிருந்து வீட்டுக்குப் போய் அவற்றை எடுத்துக்கொண்டு, சீருடை மாற்றாமல் வந்தான். தீக்காயப் பிரிவின் வாசலில் அட்டைகளை என்னிடம் கொடுத்தான். பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“வாளிக்குள்ள பாத்தேன்க்கா. பின் உள்ளதான் இருக்கு.”

பின். அந்தக் கணத்தில் லிஃப்டின் முன் அவன் கேட்ட கேள்வி எனக்கு முழுதாக விளங்கிற்று. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை: நான் பின்னைப் பார்க்கவில்லை. மூன்று சொற்கள்.

“டாக்டர் கூப்பிடுதாரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டாக்டர் கூப்பிடவில்லை.

காயம் என்பதால் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். பொருள் யாருடையது என்று கேட்டார். தலை தன்னுடையது, தானே சுருள் கட்டிக் கொடுத்தது என்று அபிலாஷ் சொன்னான். விபத்து என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

என் தம்பி அப்படி எழுதிக்கொள்ளவில்லை. நான்காம் நாள், மயக்க மருந்தின் தளர்ச்சி நீங்கியபோது, அபிலாஷ் கட்டிலருகே நின்றான். செல்வசிங் அவனைப் பார்க்காமல், கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பேசினான்.

“பின்னு பாத்தியாலே?”

“இல்லண்ணே.”

“வேற எல்லாம் தெரியும். சில்லர் ஏத்தத் தெரியும், காயில் சுத்தத் தெரியும். ஒரு பின்னு பாக்கத் தெரியல்ல.”

“தப்புதாண்ணே. நான் பாத்திருக்கணும்.”

“ஒனக்கு ரெண்டு கையும் இருக்கு. நீ பேசுவ.”

பிறகு அபிலாஷின் தாயைச் சொல்லி ஒரு வார்த்தை பேசினான். எங்கள் கடற்கரையில் அந்த வார்த்தைக்குப் பிறகு பேச்சு இல்லை. அபிலாஷ் தலை குனிந்து நின்றான். நான் கட்டிலின் மறுபக்கத்தில் கட்டுப் போடும் காஸ் துணியை நான்காக மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மீண்டும் மடித்தேன். அபிலாஷ் சொன்ன வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. நான் பார்த்திருக்க வேண்டும் என்று அவன் சொன்னது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் என்னை மறைத்துக்கொண்டேன்.

மறு வாரம் அவன் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கம்பெனி கேம்புக்குப் போனான். ஏப்ரலில் வேலை மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு தோஹாவுக்குப் போய்விட்டான். அங்கே தொழிற்பேட்டையில் ஓர் அறையில் எட்டுப் பேர் என்று அஜிஷா வழியாக அறிந்தேன்.

செல்வசிங்கின் கையை நானே பார்த்துக்கொண்டேன். முதலில் நாளுக்கு இருமுறை கட்டு மாற்றினேன்; பிறகு ஒருமுறை. தோல் ஒட்டிய பின்பு, சுருங்கிய விரல்களுக்கு எண்ணெய் தடவி நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் ஓரளவு திரும்பின. மற்ற மூன்றும் உள்ளங்கையை நோக்கி வளைந்தே நின்றன. ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க முடியாதவன் ஏசி டெக்னீஷியனாக இருக்க முடியாது. கம்பெனி அவனை ஸ்டோருக்கு மாற்றிற்று. அவன் இடக்கையால் எழுதப் பழகினான். அவன் கையெழுத்து முன்பும் அழகானதன்று. இப்போது அதைப் படிக்கவே முடிவதில்லை. நான் அதைத் திருத்துவதும் இல்லை.

பயிற்சியின்போது வலி பொறுக்காமல் அவன் அபிலாஷைத் திட்டுவான். முதலில் நாள்தோறும், பிறகு எப்போதாவது. திட்டுவது நின்றபோது எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருநாள் அவன் கைப்பேசியின் முகப்பில் ரினியின் படம் இல்லை என்பதைக் கண்டேன். அந்த இடத்தில் கம்பெனியின் சின்னம் இருந்தது.

செப்டம்பரில் அஜிஷா கூப்பிட்டாள். ரினி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைச் சடங்கு வரவிருந்தது; அதில் ஞானத்தகப்பன் மெழுகுதிரி பிடித்து உடன் நிற்பான்.

“எக்கா, ஜனவரி மொத வாரம் ரினிக்குப் புதுநன்மை. பெரியப்பா லீவு போட்டாச்சான்னு பிள்ள கேக்கா. நான் என்ன பறய?”

“அவன்கிட்ட நீ கேட்டியா?”

“கேட்டேன். ‘கை வெளங்காதவன் மெழுகுதிரிய எப்படிப் பிடிக்க, அவ அப்பன் பிடிக்கட்டு’ன்னு போன வச்சிட்டாவ.” பிறகு சொன்னாள்: “இவரும் லீவு வேண்டாம்னு சொல்லுதாரு. அவளோட பெரியப்பா வராத வீட்டுல எனக்கு என்ன விசேஷம்னு கேக்காரு. ஒரு பிள்ள எக்கா. ரெண்டு பேரும் வராம நான் மட்டும் அவளக் கொண்டுபோய் நிறுத்தணுமா?”

விடுமுறைக்கு விண்ணப்பிக்க அந்த மாத இறுதிவரை நேரம் இருந்தது.

நான் முதலில் கூப்பிட்டது அபிலாஷை. ஏன் அவனை முதலில் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று அப்போது எண்ணினேன். ஆனால், ‘போகட்டும் எக்கா, விடுங்க’ என்று அவன் சொல்லிவிட்டால் தம்பியிடம் சொல்ல வேண்டியிராது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது.

மதிய இடைவேளை. அவனுக்குப் பின்னால் கிரைண்டர் ஓசை. அவன் எழுந்து சற்றுத் தூரம் நடந்து வந்தது ஓசை தேய்வதிலிருந்து தெரிந்தது.

“அபி, அன்னைக்கு நீ பின்னப் பாத்தாச்சான்னு கேட்ட. நான் பின்னைன்னு நெனைக்கல்ல. நான் மீட்டர்தான் பாத்தேன். பின்ன நான் பாக்கல்ல.”

“தெரியும்க்கா.”

“எப்போ தெரிஞ்சுது? ஆஸ்பத்திரியிலயா?”

“இல்ல. லிஃப்டு முன்னாலயே.”

நான் கைப்பேசியைக் காதில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

“நீங்க எப்பவும் நான் பாத்தேன்னுதான் பறவீங்க. இத்தன வருசத்துல உங்க வாயில ஆச்சுன்னு நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு ரெண்டு தடவ பாத்தாச்சு, பாத்தாச்சுன்னீங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துது. திரும்பி வந்து பாத்துரலாம்னு நெனச்சேன். அப்பத்தான் லிஃப்டு வந்துட்டு. ஏறிட்டேன். அதான் எக்கா நான் செஞ்ச தப்பு. அண்ணன் ஏசினது சரிதான்.”

“அன்னைக்கே நீ அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“என்னத்த? அக்காதான் பாக்கலன்னா?” அவன் மெல்லச் சிரித்தான், மகிழ்ச்சியில் சிரித்த சிரிப்பன்று. “அண்ணனுக்குக் கட்டு மாத்த யாரு இருக்கா? சோறு பிசஞ்சு குடுக்க யாரு இருக்கா? என்ன வெறுத்தா ஒரு ரூம்மேட்டு போனான். உங்கள வெறுத்தா அந்தக் கையோட அவரு எங்க போவாரு? அதான் பறயல்ல. நீங்களும் இனிப் பறயாதீங்க. கலாஸ், முடிஞ்சுது.”

“ரினியோட புதுநன்மைக்கு அவன் வரணும்.”

“வரமாட்டாரு எக்கா. விடுங்க.”

நான் கேட்க ஆசைப்பட்ட சொல்லை அவன் சொல்லிவிட்டான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதங்களாக அவன், முதலில் கேம்பிலும் பிறகு அங்கே எட்டுப் பேரில் ஒருவனாகவும் படுத்துக்கொண்டு, என் தம்பியின் கைக்குக் கட்டுப் போட ஓர் ஆள் வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டிருந்தான். கட்டுப் போடுவதற்கான கூலியைப் போல அந்த மௌனத்தை நான் பெற்றுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை செல்வசிங் ஸ்டோரிலிருந்து வந்து, தேநீர் குடித்து, வழக்கம் போல உணவு மேசையின் மேல் கையை நீட்டினான். எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். நடுவிரலை நீட்டத் தொடங்கினேன்.

“அன்னைக்கு பின்ன நான் பாக்கல்ல,” என்றேன்.

“எந்தப் பின்ன?”

“தலையோட பின்ன. அபி என்கிட்ட கேட்டான். நான் பாத்தாச்சுன்னு சொன்னேன். ஒன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பாத்தது மீட்டர் மட்டும்.”

அவன் உடனே புரிந்துகொள்ளவில்லை. நான் முதலிலிருந்து, நடந்த வரிசையில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஷூ கட்டியதை, ஹாரனை, லிஃப்டை, மருத்துவமனை வாசலில் அபிலாஷ் என் முகத்தைப் பார்த்து நின்றதை, டாக்டர் கூப்பிட்டதாக நான் சொன்ன பொய்யை. சொல்லும்போது என் விரல்கள் அவன் விரலை நீட்டிக்கொண்டே இருந்தன. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் போலிருந்தது.

“அவன் கட்டில்கிட்ட நின்னப்போ நீ அங்கதான இருந்த?”

“இருந்தேன்.”

“நான் ஏசினது ஒனக்குக் கேட்டுதுல்லா?”

“கேட்டுது.”

“அவனுக்குத் தெரியுமா, நீ பாக்கலன்னு?”

“அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சிட்டா நின்னான்?” அவன் என்னைப் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பைப் பார்த்தான். “அவன் அம்மையப் பறஞ்சேன்க்கா. சின்ன வயசுல எனக்கு மீன் பொரிச்சு வச்சுத் தந்த அம்மை.”

கை போனதற்காக என்மேல் கோபித்துக்கொள் என்று சொல்ல வாய் எழவில்லை. ஏனெனில் அவன் வருந்தியது கைக்காக அன்று.

“பேட்டரி உறையில கீறல் இருந்தா என்ன செய்யணும்னு ஒரு மணி நேரம் எங்களுக்குப் பாடம் எடுப்ப,” என்றான் கடைசியில். குரல் உயரவில்லை. “அந்த வாயால ஏழு மாசம் ஒரு வார்த்த பறய முடியல்ல.”

“முடியல்ல.”

அவன் கையை என் கைகளிலிருந்து உருவிக்கொண்டான். இடக்கையால் கைப்பேசியை எடுத்தான். அபிலாஷின் எண்ணை அவன் அழித்துவிட்டிருந்தான்.

“கத்தார் நம்பர் பற.”

நான் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். இடக்கைப் பெருவிரலால் மெதுவாகப் பதித்தான். இடையில் ஓர் எண்ணைப் பிழையாக அழுத்தி, அழித்து, மறுபடியும் அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியதும் கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனான். எண்ணெய் படிந்த வலக்கையால் கதவை இழுக்க முயன்றான், கைப்பிடி வழுக்கிற்று. நான் எழுந்தேன்.

“வேண்டாம்,” என்றான்.

இடக்கையால் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. சொற்கள் எனக்குக் கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் ஆறிவிட்டது. அன்று மற்ற இரண்டு விரல்களுக்கும் பயிற்சி நடக்கவில்லை.